கூரை தெரியுது, கிணறு தெரியேல்லை



இந்தக் கிழமை எபிசோட்டில் பசிபிக் தீவுகளைப் பற்றிக் கதைத்தோம். செய்மதிப் படங்களையும் கணினி வரைபடங்களையும் வைத்து அங்கே எப்படிப் புயலுக்குத் தயாராகிறார்கள், எப்படிக் காப்புறுதிப் பணம் எடுக்கிறார்கள் என்றெல்லாம் சொன்னோம். றெக்கோர்டிங் முடிந்து ஹெட்போனைக் கழற்றிய பிறகுதான் உறைத்தது: எனக்கு நல்லாகத் தெரிந்த தீவுக் கதையை நான் சொல்லவே இல்லை. உண்மையைச் சொன்னால், மைக்குக்கு முன்னால் சொல்லக் கொஞ்சம் வெட்கம். அது நான் விட்ட பிழை ஒன்றைப் பற்றிய கதை. எழுதுவது சுகம், அதனால் இங்கே எழுதுகிறேன்.

போன விண்டர், வெளியில் ஸ்னோ கொட்டிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை. ஸ்காபுறோவில் அம்மம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லப்டொப்பை வைத்துக்கொண்டு நான் புங்குடுதீவை வரைந்துகொண்டிருந்தேன். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: அது 2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய, யாரும் திருத்தக்கூடிய உலக வரைபடம். விக்கிப்பீடியா மாதிரி. திரையில் செய்மதிப் படம் தெரியும். நீங்கள் அதற்கு மேல் மவுசால் கோடு இழுத்து இது வீதி, இது குளம், இது கட்டடம் என்று அடையாளம் போடலாம். காலையிலிருந்து 140 கட்டடம் முடித்திருந்தேன். பெரிய சேவை செய்கிற நினைப்பு.

அம்மம்மா தேத்தண்ணியோடு வந்தா.

"என்ன பிள்ளை, விடிஞ்சதில இருந்து பெட்டி பெட்டியாக் கீறிக்கொண்டு இருக்கிறாய்?"

"உங்கட ஊர்தான் அம்மம்மா. புங்குடுதீவு. மேல இருந்து எடுத்த படம்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்து பார்த்தா. கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. கடல் எந்தப் பக்கம், குறிகட்டுவான் துறை எங்கே என்று கேட்டு, விரலால் வீதியைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தா. பிறகு ஒவ்வொரு பெட்டியாகத் தொட்டுக் கேட்கத் தொடங்கினா.

"இது ஆற்றை வளவு?"

"தெரியாது."

"இதில இப்ப ஆர் இருக்கினம்?"

"தெரியாது அம்மம்மா. வீடு எண்டு மட்டும்தான் தெரியும்."

"சரி, கிணறு எங்க?"

பெரிதாக்கிப் பார்த்தேன். மரம், நிழல், மண். "கூரை தெரியுது, கிணறு தெரியேல்லை" என்றேன்.

அம்மம்மா சிரித்தா. "கிணறு தெரியாமல் என்ன ஊர் கீறுறாய்?"

அன்று பின்னேரம் அந்தப் படத்தை ஊரில் இருக்கிற மாமாவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து ஒரு நீளமான வொய்ஸ் மெசேஜ் வந்தது. நான் வரைந்த ஒரு ஒழுங்கையில் 11 வீடு. அதில் ஆட்கள் இருப்பது மூன்றில். மிச்சம் எட்டும் சுவர்கள்தான். நான் கூரை என்று நினைத்தது நாலு சுவருக்குள் முளைத்து நிற்கிற மரம். அதே நேரம், நான் வெறும் பனங்காணி என்று விட்டுப்போன துண்டில், மரங்களுக்குக் கீழே தகரம் போட்ட சின்ன வீடுகளில் நாலு குடும்பம் இருக்கிறது. என் வரைபடத்தில் அவர்கள் இல்லை.

"ஆள் இல்லாத இடத்தில பெட்டி பெட்டியாக் கிடக்கு. சனம் இருக்கிற இடத்தில ஒண்டையும் காணேல்லை. இதைப் பார்த்து ஆரும் தண்ணி பவுசர் அனுப்பினால் எங்க போய் நிக்கும் எண்டு யோசி."

மாமா கோபத்தில் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு அந்த 140 பெட்டியும் அன்றைக்குக் கனத்துப் போச்சு.

பசிபிக்கில் என்ன நடக்கிறது

முதலில் நல்லதைச் சொல்கிறேன். இந்தத் தொழில்நுட்பம் சும்மா விளையாட்டுச் சாமான் இல்லை.

2022 ஜனவரி 15ஆம் திகதி தொங்கா நாட்டில் கடலுக்குள் இருந்த எரிமலை வெடித்தது. நாட்டை உலகத்தோடு இணைத்த ஒரே கடலடிக் கேபிள் அறுந்தது. தொலைபேசி இல்லை, இணையம் இல்லை. கேபிளைத் திருத்த ஐந்து கிழமை அளவில் எடுத்தது. முதல் நாட்களில் எந்தத் தீவில் என்ன நடந்தது என்பதை உலகம் செய்மதிப் படங்களிலும், அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் அனுப்பிய விமானங்கள் எடுத்த படங்களிலும்தான் பார்த்தது. மாங்கோ என்ற சின்னத் தீவில் எல்லா வீடுகளும் போய்விட்டன. மேலிருந்து பார்க்கிற கண் இல்லாவிட்டால் உதவிக் கப்பல் எங்கே முதலில் போவது?

வரைபடம் பணமாகவும் மாறும். பசிபிக்கின் 15 நாடுகளில் கட்டடங்கள், பயிர்கள், வீதிகள் எங்கே இருக்கின்றன என்ற ஒரு பெரிய தரவுத்தளத்தை உலக வங்கியும் பிராந்திய அமைப்புகளும் சேர்ந்து கட்டின. செய்மதிப் படங்களிலிருந்து எடுத்த கட்டடங்கள் அதில் பெரிய பங்கு. அதை அடிப்படையாக வைத்துப் புயல் காப்புறுதி வந்தது. 2014 ஜனவரியில் இயன் புயல் தொங்காவை அடித்தபோது 12 இலட்சத்து 70 ஆயிரம் அமெரிக்க டொலர் அந்த நாட்டுக்குக் கிடைத்தது. வீடு வீடாகப் போய்ச் சேதத்தை எண்ணி முடிக்கும் வரைக்கும் காத்திருக்கத் தேவை இருக்கவில்லை. புயலின் பாதை, வேகம், அதற்குக் கீழே என்ன இருந்தது என்ற கணக்குப் போதும்.

இப்ப இன்னொரு பக்கம். 2018இல் ஒரு ஆய்வு வந்தது. துவாலுவின் 101 தீவுகளை 1971இலிருந்து 2014 வரைக்கும் வான்படங்களிலும் செய்மதிப் படங்களிலும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கடல்மட்டம் ஏறியும், மொத்த நிலப்பரப்பு 2.9 வீதம் கூடியிருந்தது. அலை கொண்டுவந்து போட்ட பவளத் துண்டும் மணலும்தான் காரணம். அளவு சரியான அளவு. ஆனால் தலைப்பை மட்டும் வாசித்த கன பேர் "அப்ப துவாலுவுக்குப் பிரச்சினை இல்லையே" என்று சொல்லத் தொடங்கினார்கள். துவாலுச் சனம் மண்ணைத் தோண்டிக் குழிகளுக்குள் புலக்கா என்ற கிழங்கு பயிரிடுகிறவர்கள். அந்தக் குழிகளுக்குள் உப்புத்தண்ணி ஊறுவது மேலிருந்து எடுத்த படத்தில் வராது. தீவின் விளிம்பு வளர்கிறது, நடுவில் சாப்பாடு சாகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

புலக்காக் குழியைப் பற்றி வாசித்தபோதுதான் அம்மம்மாவின் கேள்வி எனக்கு முழுசாக விளங்கியது.

எங்கட தீவுகள்

யாழ்ப்பாணத்துக்கு மேற்கே நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, புங்குடுதீவு, வேலணை, மண்டைதீவு, காரைநகர் என்று எங்கட தீவுகள் கிடக்கின்றன. ரொறன்ரோவில் ஒரு தமிழ்க் கல்யாணத்துக்குப் போனால் இந்தத் தீவுகளில் ஒன்றைச் சேர்ந்த ஆள் ஒருவரையாவது சந்திக்காமல் வர ஏலாது.

எங்கட தீவுகளுக்கும் பசிபிக் பவளத்தீவுகளுக்கும் அடியில் ஒரு ஒற்றுமை இருக்கிறது. இரண்டு இடத்திலும் ஆறு இல்லை. மழைத்தண்ணி துளை விழுந்த கல்லுக்குள் இறங்கி, உப்புத்தண்ணிக்கு மேல் மெல்லிய வில்லை மாதிரி மிதந்துகொண்டு நிற்கும். கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீற்றர் நின்றால், கீழே கிட்டத்தட்ட 40 மீற்றருக்கு நன்னீர் இருக்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அதைத் திருப்பிப் பாருங்கோ. மேலே ஒரு அடி தண்ணியை அளவுக்கு மிஞ்சி இறைத்தால், கீழே இருந்து 40 அடி உப்பு மேலே வரும். துலாவும் பட்டையும் வைத்து இறைத்த காலத்தில் ஊர்ச் சனத்துக்கு இந்தச் சூத்திரம் தெரியாது. ஆனால் எந்தக் கிணற்றில் எவ்வளவு இறைக்கலாம், எது நல்ல தண்ணி, எது சவர் என்று தெரியும்.

செய்மதியால் இதைப் பார்க்க முடியுமா? நிலத்தடி நீரின் அளவு மாறுவதை ஈர்ப்பு விசையை வைத்து அளந்த கிரேஸ் செய்மதிகள் 2002இல் பறந்தன. அருமையான வேலை. ஆனால் அவற்றின் ஒரு பார்வை நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் அகலம். புங்குடுதீவு அதற்கு ஒரு தூசி. இலவசமாகக் கிடைக்கிற சென்ரினல் படங்களில் ஒரு புள்ளி பத்து மீற்றர். அதில் குளம் வற்றுவது தெரியும், தரவை பச்சையாவது தெரியும், கரை அரிப்பது தெரியும். கிணற்றுத் தண்ணி குடிக்கலாமா என்பது குடித்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

அன்றைக்கு அம்மம்மா எனக்கு "துரவு" என்ற சொல்லைச் சொன்னா. நான் கேள்விப்பட்டதே இல்லை. கட்டுக் கட்டாத, அகலமாகத் தோண்டின நீர்க்கிடங்கு. மாடு இறங்கித் தண்ணி குடிக்கும், தோட்டத்துக்கும் இறைப்பார்கள். வரைபடத்தில் கிணற்றுக்கு ஒரு அடையாளம் இருக்கிறது, குளத்துக்கு ஒன்று இருக்கிறது. துரவு இரண்டிலும் சேராது. அந்தச் சொல்லை இழந்தால் அந்தப் பொருளை வரைபடத்தில் போட எங்களுக்கு வழியே இல்லை.

சொல் எவ்வளவு முக்கியம் என்பதற்கு எங்கட தீவுகளே சாட்சி. ஒல்லாந்தர் வந்தபோது வரைபடத்தில் இந்தத் தீவுகளுக்குத் தங்கள் நாட்டு நகரங்களின் பெயரைப் போட்டார்கள். காரைநகர் ஆம்ஸ்ரடாம். வேலணை லைடன். நயினாதீவு ஹார்லெம். அனலைதீவு ரொட்டர்டாம். புங்குடுதீவு மிடில்பேர்க். நெடுந்தீவு டெல்ஃப்ற். கடைசிப் பெயர் இன்றைக்கும் ஆங்கில வரைபடங்களில் நிற்கிறது. கீறுகிறவர் கையில்தான் பெயர். மவுசைப் பிடித்துக்கொண்டிருந்த என் கையும் அந்த மாதிரிக் கைதான் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

"ஆள் இல்லாத" தீவு

மாமாவின் திருத்தங்களைப் போடத் திரும்ப உட்கார்ந்தேன். அந்த எட்டு வீட்டுக்கும் என்ன அடையாளம் போடுவது? ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் "கைவிடப்பட்டது" என்ற அர்த்தத்தில் ஒரு அடையாளம் இருக்கிறது. அதைத்தான் போடப் போனேன். அம்மம்மாவிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன்.

"கைவிடேல்லைப் பிள்ளை" என்றா. "விட்டிட்டு வந்தனாங்கள். உறுதி இன்னும் அலுமாரிக்குள்ள இருக்கு."

உறுதி என்றால் காணிப் பத்திரம். 1990களின் தொடக்கத்தில் சண்டை தீவுகளுக்கு வந்தபோது கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடியவர்கள், அந்தக் காகிதத்தை விடவில்லை. கடைசியில் "இடிபாடு" என்று போட்டேன். கட்டடத்தைப் பற்றி மட்டும் சொல்கிற சொல். காணியைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

இது சின்னச் சொல் விளையாட்டு என்று நினைத்தால், இரணைதீவைப் பாருங்கோ. கிளிநொச்சி மாவட்டக் கரைக்கு அப்பால் இருக்கிற மீனவர் தீவு. 1992இல் சனம் இடம்பெயர்ந்தது. பிறகு கடற்படை அங்கே நின்றது. சண்டை முடிந்தும் பல வருடம் திரும்பிப் போய்க் குடியிருக்க விடவில்லை. மேலிருந்து படம் எடுத்தால் என்ன தெரியும்? உடைந்த சுவர்கள், பற்றைகள். "ஆள் இல்லாத தீவு." கரையில் இருந்த சனம் 2017 மே மாதத்திலிருந்து கிட்டத்தட்ட ஒரு வருடம் போராட்டம் நடத்தியது. 2018 ஏப்ரல் 23ஆம் திகதி தங்கள் படகுகளில் ஏறித் தாங்களாகவே தீவுக்குப் போய் இறங்கிவிட்டார்கள். பெண்கள் முன்னால் நின்ற போராட்டம் அது.

கதை அதோடு முடியவில்லை. கோவிட்டால் இறந்தவர்களை இலங்கையில் கட்டாயமாக எரித்தார்கள். முஸ்லிம்களுக்கு அது எவ்வளவு பெரிய கொடுமை என்று எல்லாருக்கும் தெரியும். 2021இல் அடக்கம் செய்ய அனுமதித்தபோது, மார்ச் மாதம் அரசாங்கம் தெரிவு செய்த இடம் இரணைதீவு. சனம் குறைவான தீவு என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. மூன்று வருடத்துக்கு முன்னால்தான் திரும்பி வந்து குடிசை போட்டவர்கள் அங்கே இருந்தார்கள். தீவுச் சனம் எதிர்த்தது. முஸ்லிம்களும் தங்கள் உறவுகளை இப்படித் தொலைதூரத் தீவில் கொண்டுபோய்ப் புதைப்பதை ஏற்கவில்லை. கடைசியில் கிழக்கில் ஓட்டமாவடியில் அடக்கம் நடந்தது.

துயரப்பட்ட இரண்டு சமூகங்களை ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தப் பார்த்தது "ஆள் இல்லை" என்ற ஒரு சொல்.

அதே வருடம் இன்னொன்றும் நடந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் காற்றாலையும் சூரியசக்தியும் சேர்ந்த மின்திட்டம். 2021 ஜனவரியில் ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுக்க இலங்கை அமைச்சரவை சம்மதித்தது. தன் கரைக்கு இவ்வளவு கிட்ட சீனாவா என்று இந்தியா எதிர்த்தது. வேலை நின்றது. 2022 மார்ச்சில் இந்திய மானியத்தில் செய்வது என்று புதிய ஒப்பந்தம் போட்டார்கள். பீஜிங்கிலும் டெல்லியிலும் அந்த வரைபடத்தைப் பார்த்தவர்களுக்குத் தீவுகள் மூன்று புள்ளிகள். ஃபேன் சுழலுமா என்று பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம் ஆரும் கேட்ட மாதிரித் தெரியவில்லை. பசிபிக் தீவுக்காரரிடம் சொன்னால் "எங்களுக்கும் இதே கதைதான்" என்பார்கள்.

அப்ப செய்மதி வேண்டாமா?

இதை வாசித்துவிட்டு "சரி, கீறுறதை நிப்பாட்டுவம்" என்று யாரும் லப்டொப்பை மூட வேண்டாம். நான் சொல்ல வந்தது அது இல்லை.

செய்மதிப் படம் என்றால் எங்கட தலைமுறைக்கு முதலில் ஞாபகம் வருவது 2009. செய்தியாளர்களை உள்ளே விடாத அந்த மாதங்களில், முள்ளிவாய்க்காலில் என்ன நடந்தது என்பதற்கு வெளியிலிருந்து கிடைத்த ஒரு சில ஆதாரங்களில் மேலிருந்து எடுத்த படங்களும் ஒன்று. அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழகம் மனித உரிமை அமைப்புகள் கேட்டதன் பேரில் அந்த மே மாதப் படங்களை ஒப்பிட்டு அறிக்கை கொடுத்தது. ஐநா நிபுணர் குழுவின் 2011 அறிக்கையிலும் செய்மதிப் படங்கள் இருந்தன. அந்தப் படங்கள் யாரையும் காப்பாற்றவில்லை என்பதும் உண்மை. "அப்படி ஒன்றும் நடக்கவில்லை" என்று சொல்வதைக் கடினமாக்கின என்பதும் உண்மை.

நாங்கள் இருக்கிற நாட்டுக்கும் இதில் பங்கு இருக்கிறது. கணினியில் நிலத்தகவலைச் சேர்த்து வைக்கிற முறையை 1960களில் முதலில் பெரிய அளவில் கட்டினது கனடாதான். அதைச் செய்த ரொஜர் டொம்லின்சனை அந்தத் துறையின் தந்தை என்கிறார்கள். முகிலுக்குள்ளாலும் இரவிலும் பார்க்கக்கூடிய றேடார்சற் செய்மதிகளும் கனடாவின். முதலாவது 1995இல் போனது, இப்ப மூன்று சேர்ந்து சுற்றுகின்றன. மழைக்காலத்தில் வெள்ளம் எங்கே நிற்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல கண் இல்லை. உங்களில் எத்தனை பேர் யோர்க்கிலும் வோட்டர்லூவிலும் இந்தப் படிப்பைப் படிக்கிறீங்கள் என்று எனக்கு வருகிற மின்னஞ்சல்களில் தெரியும்.

சரியாகச் செய்த உதாரணமும் எங்களிடம் இருக்கிறது. மட்டக்களப்பில் 2012-13 காலத்தில், உலக வங்கியின் ஆதரவோடு இலங்கையின் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் உள்ளூர் ஆட்களும் சேர்ந்து மண்முனை வடக்குப் பிரிவின் கட்டடங்களை ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் போட்டார்கள். கிட்டத்தட்ட 30,000 கட்டடம். முதலில் செய்மதிப் படத்தில் வரைந்தார்கள். பிறகு தெருவில் இறங்கினார்கள். எத்தனை மாடி, சுவர் எதனால் கட்டியது, கூரை ஓடா தகரமா, என்ன பயன்பாடு என்று கட்டடம் கட்டடமாகப் பதிந்தார்கள். படம் வேலையைத் தொடக்கிவைத்தது. முடித்தது கால்கள்.

நான் செய்தது முதல் பாதி மட்டும். அதையே முழுசு என்று நினைத்தேன்.

என்ன செய்யலாம்

என் கருத்து இதுதான்: ஸ்காபுறோவிலும் மார்க்கமிலும் இருந்து எங்கட ஊர்களை வரைகிறவர்கள், அங்கே இருக்கிற ஒருவரிடம் கேட்காமல் ஒரு கட்டடத்தையும் "முடிந்தது" என்று வைக்கக் கூடாது. கேட்காத வரைபடம் வெறும் வரைவு. அதை வரைவு என்றே சொல்லிவைக்க வேண்டும்.

நடைமுறையில் இது அவ்வளவு கஷ்டம் இல்லை. நான் இப்ப செய்கிற முறையைச் சொல்கிறேன். முதலில் வழமை போல வரைகிறேன். பிறகு ஃபீல்ட் பேப்பர்ஸ் என்ற இலவசக் கருவியால் அந்த இடத்தைக் காகிதத்தில் அச்சடிக்கிறேன். திரையைப் பார்த்தால் அம்மம்மாவுக்குக் கண் கூசும். காகிதமும் பேனையும் கொடுத்தால் ஒரு பின்னேரம் முழுக்க இருந்து எழுதுவா. கிணறு, துரவு, வைரவர் கோயில், முந்திப் பள்ளிக்கூடத்துக்குப் போன குறுக்கு ஒழுங்கை. அதை ஸ்கேன் பண்ணி மாமாவுக்கு அனுப்புவேன். அவர் திருத்துவார். அதற்குப் பிறகுதான் வரைபடத்தில் ஏறும்.

இங்கே ஒரு சிக்கல் வரும். அதையும் சொல்ல வேண்டும். அம்மம்மாவின் ஊர் முப்பது வருடத்துக்கு முந்தின ஊர். அவ நல்ல தண்ணிக் கிணறு என்று எழுதினதில் ஒன்று இப்ப சவர், ஒன்று தூர்ந்துவிட்டது என்றார் மாமா. ஒரு ஒழுங்கைக்கு இப்ப வேறு பெயர். அம்மம்மாவுக்குக் கோபம். "அது எப்பவும் அந்தப் பெயர்தான்" என்றா.

நல்ல காலம், ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் இப்போதைய பெயருக்கு ஒரு இடமும் பழைய பெயருக்கு ஒரு இடமும் இருக்கிறது. தமிழில், சிங்களத்தில், ஆங்கிலத்தில் என்று தனித்தனியாகவும் எழுதலாம். இரண்டையும் போட்டேன். ஆனால் முதல் இடம் அங்கே இப்ப குடியிருக்கிறவர் சொல்கிற பெயருக்கு. இதில் நான் உறுதியாக இருக்கிறேன், அம்மம்மாவோடு வாக்குவாதப்பட்டும் இருக்கிறேன். புலம்பெயர்ந்த எங்களிடம் காசு இருக்கிறது, வேகமான இணையம் இருக்கிறது, ஊரைப் பற்றிய ஆசை இருக்கிறது. அந்த மூன்றையும் வைத்து அங்கே இருக்கிற சனத்துக்கு மேலால் எங்கட பழைய ஊரைக் கீறிவிடுவது மிகச் சுலபம். ஒல்லாந்தரும் ஊர் நினைவில்தானே பெயர் வைத்தார்கள்.

இன்னொன்று: எல்லாவற்றையும் போட வேண்டியதில்லை. எந்த வீட்டில் தனியாக ஒரு பெண் இருக்கிறா, எந்தக் காணிக்கு வழக்கு நடக்கிறது, ஆட்கள் எங்கே கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிகிற வரைபடத்துக்கு உரியவை இல்லை. நாங்கள் வரைவதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உதவிக்கு வருகிறவரும் பார்ப்பார், காணி பிடிக்க வருகிறவரும் பார்ப்பார். போடலாமா என்று அங்கே கேளுங்கோ. வேண்டாம் என்றால் விடுங்கோ.

ஊர்ச் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு சமரிலும் ஒன்றுகூடல் வைத்துப் பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் காசு சேர்க்கிறீர்கள். அதில் கொஞ்சத்தை எடுத்து, ஊரில் இருக்கிற ஏஎல் முடித்த நாலு பிள்ளைகளுக்குச் சம்பளமும், ஃபோன் டேற்றாவும், தண்ணியின் உப்பை அளக்கிற ஒரு சின்னக் கருவியும் கொடுங்கோ. கையடக்கமான சாமான், பெரிய விலை இல்லை. வருடத்துக்கு இரண்டு தரம், மாரி முடிய ஒருக்கால், கோடை முடிய ஒருக்கால், கிணறு கிணறாக அளந்து எழுதட்டும். ஐந்து வருடத்தில் எந்தக் கிணறு உவராகிக்கொண்டு வருகிறது என்று தெரியும். எந்தச் செய்மதியும் தராத தரவு அது. அதற்குச் சொந்தக்காரர் அந்தப் பிள்ளைகளும் ஊரும். நாங்கள் இங்கே இருந்து வரைபடத்தில் ஏற்ற உதவலாம்.

என் பழைய 140இல் இன்னும் 60க்கு மேல் கேட்காமல் கிடக்கிறது. மாமாவுக்கும் வேலை இருக்கிறது, எனக்காகச் சைக்கிளில் திரிய ஏலாது. மெதுவாகத்தான் போகிறது. போன கிழமை ஒரு படம் அனுப்பியிருந்தார்: அம்மம்மாவின் வளவு. வீட்டுக்குக் கூரை இல்லை. கிணற்றுக்கட்டு அப்படியே நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் அதில்தான் மாட்டுக்குத் தண்ணி அள்ளுகிறார்களாம்.

அம்மம்மாவிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தா.

"நல்லது. ஆரும் அள்ளினால்தான் தண்ணி நல்லா இருக்கும்" என்றா. பிறகு, "அதைக் கீறு" என்றா.

கீறிவிட்டேன். மாமா கேட்டுச் சொன்ன பிறகுதான்.

உங்கட வீட்டில் இப்படி ஒரு அம்மம்மா, அப்பப்பா இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு காகிதத்தையும் பேனையையும் கொடுத்துப் பாருங்கோ. முதலில் எதைக் கீறினார்கள் என்று எனக்கு எழுதுங்கோ. வீடா, கோயிலா, கிணறா? வந்த பதில்களை அடுத்த எபிசோட்டில் வாசிக்கிறேன். அவர்களிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கோ.

அடுத்த கிழமை சந்திப்போம்.